மேழியைப் பிடிக்கும் எண்ணெய்: டிராக்டர் லிப்ட் எப்படி வேலை செய்கிறது

டிராக்டர் விளம்பரத் தாளில் குதிரைத்திறனுக்கு அடுத்தபடியாகப் பெரிய எழுத்தில் இருப்பது லிப்ட் திறன், அதாவது பின்னால் மாட்டிய கருவியைத் தூக்கும் திறன். 45 குதிரைத்திறன் வண்டிக்கு ஒரு கம்பெனி 1,200 கிலோ என்று போடுகிறது, இன்னொன்று 1,800 என்று போடுகிறது. பக்கத்திலேயே ‘ஏடிடிசி உண்டு’ என்று ஒரு வரி, அது என்ன என்பதைப் பிறகு பார்க்கலாம். கிலோ அதிகமாக இருக்கும் வண்டியே நல்ல வண்டி என்று முடிவு செய்து வாங்கிவிடுகிறோம். வயலில் இறங்கிய பிறகுதான் கேள்விகள் வருகின்றன. 1,800 கிலோ தூக்கும் வண்டி, சுழல் கத்திகள் கொண்ட 500 கிலோ ரொட்டவேட்டரைத் தூக்கும்போது முன்சக்கரம் ஏன் லேசாகிறது? இருக்கைக்குப் பக்கத்தில் லிப்டுக்கு மட்டும் ஏன் இரண்டு லீவர்? உழுதுகொண்டிருக்கும்போது கலப்பை தானாக மேலே ஏறினால் அது கோளாறா?

இந்த மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வரப்போரம் திரும்பும்போது கருவியைத் தூக்குவது லிப்டின் சின்ன வேலை. சால் ஓடும் நேரம் முழுக்க, கருவியை மண்ணில் சரியான அளவில் பிடித்திருப்பது அதன் பெரிய வேலை. மாட்டு ஏரில் உழுதவர்களுக்கு இது சட்டென்று புரியும். மண் இறுகினால் மேழியைப் பிடித்த கை அதை உணர்ந்து அழுத்தத்தை மாற்றும். மாடு திணறுவதற்கு முன்பே அந்தக் கை வேலையை முடித்துவிடும். டிராக்டரில் அந்தக் கையின் இடத்தில் எண்ணெயும் ஒரு வால்வும் இருக்கின்றன.

பின்னால் கட்டி இழுத்த காலம்

ஆரம்ப கால டிராக்டர் மாட்டுக்கு மாற்றாக வந்த ஒரு இழுவை வண்டி, அவ்வளவுதான். கலப்பைக்குத் தனிச் சக்கரங்கள் இருக்கும். சங்கிலியோ கம்பியோ போட்டு அதை வண்டியின் பின்னால் கட்டி இழுப்பார்கள். ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் 1917இல் உற்பத்திக்கு வந்து பெருமளவில் விற்றது. அதில் பயங்கரமான ஒரு ஆபத்து இருந்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் முன்னேற முடியாது. எஞ்சினோ நிற்காமல் முறுக்கும். சக்கரம் சுழல வழியில்லாதபோது, அந்த முறுக்கு வண்டியையே பின் அச்சைச் சுற்றி மேலே தூக்கும். முன்பக்கம் எழும்பி, வண்டி பின்னால் மல்லாந்து ஓட்டுநர் மேல் விழும். அப்படிப் பலர் உயிரிழந்தார்கள்.

அதே முதல் உலகப் போர்க்காலத்தில் அயர்லாந்தில் டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் அரசுப் பணியில் ஈடுபட்டிருந்தவர் ஹாரி ஃபெர்குசன். வண்டியை மேலும் கனமாக்குவதுதான் தீர்வு என்று மற்றவர்கள் நினைத்தபோது, கலப்பையும் டிராக்டரும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். இழுவையைக் கொண்டே ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1920களின் நடுவில் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். 1938இல் ஃபோர்டோடு கைகுலுக்கி மட்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே ஃபோர்டு 9என் டிராக்டரில் அவருடைய முறை சந்தைக்கு வந்தது. 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டிஇ20 என்ற அவருடைய சொந்த டிராக்டர் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான அந்தச் சாம்பல் நிற வண்டியில் இருந்த முறைதான் இன்றைய டிராக்டர் லிப்டுகளுக்கு மூதாதை. ஃபெர்குசன் நிறுவனம் 1953இல் மாஸி ஹாரிஸோடு இணைந்து, பின்பு மாஸி ஃபெர்குசன் ஆனது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே அந்தப் பெயரில்தான் இங்கே வண்டிகளைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் சிவப்பு மாஸிக்குள் இருப்பது அந்த அயர்லாந்துக்காரரின் யோசனை.

மூன்று புள்ளி ஏன்?

வண்டியின் பின்னால் கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு தண்டு. கீழே இருப்பவை லோயர் லிங்க், மேலே இருப்பது டாப் லிங்க். கருவி இந்த மூன்று புள்ளிகளில் மாட்டப்படுகிறது. லோயர் லிங்க் இழுக்கிறது, தூக்குகிறது. டாப் லிங்க் கருவியின் சாய்வைத் தீர்மானிக்கிறது. அதோடு அதுதான் செய்தி கொண்டுபோகும் நரம்பு. அதைப் பிறகு பார்க்கலாம்.

இந்த அமைப்பால் இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன.

1. கலப்பையின் எடையும், மண் அதைக் கீழே இழுக்கும் விசையும் வண்டியின் பின்சக்கரங்கள் மேல் இறங்குகின்றன. தனிச் சக்கரத்தில் ஓடும் கலப்பையில் அந்த எடை வீணாகத் தரைக்குப் போகும். பின்சக்கரத்தில் எடை கூடினால் பிடிமானம் கூடும், வழுக்கல் குறையும். சின்ன வண்டி பெரிய வேலை செய்வதன் ரகசியம் இதுதான்.

2. கலப்பையின் நுனி எதிலாவது மோதினால், கலப்பையின் மேல்பகுதி முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அப்போது டாப் லிங்க் வண்டியை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் பின் அச்சுக்கு மேலே விழுவதால் முன்சக்கரம் தரையில் அழுந்தும். ஃபோர்ட்சனை மல்லாக்கிய அதே மோதல், இங்கே வண்டியை நிலத்தோடு அழுத்துகிறது.

மாட்டும் அளவுகளுக்கு உலகப் பொதுத் தரம் இருக்கிறது. மாட்டப் பயன்படும் ‘பின்’ என்ற இரும்பு முளையின் விட்டம், முதல் வகை இணைப்பில் லோயர் லிங்க்குக்கு 22 மி.மீ., டாப் லிங்க்குக்கு 19 மி.மீ. கனமான வண்டிகளுக்கான இரண்டாம் வகையில் 28, 25 மி.மீ. வகை மாறிய கருவியைப் பழைய பின் போட்டு ஓட்டினால் துளை தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த ஆட்டம் லிப்டின் உணர்வையும் கெடுக்கும்.

எண்ணெய் எப்படித் தூக்குகிறது?

மூடிய இடத்தில் இருக்கும் எண்ணெயை ஒரு பக்கம் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பிஸ்டனின் பரப்பு பெரிதாக ஆக, விசையும் பெரிதாகும். மாதிரிக்கு ஒரு கணக்கு போடலாம்.

பம்பு தரும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 180 கிலோ. லிப்ட் பிஸ்டனின் விட்டம் 9 செ.மீ. என்றால் அதன் பரப்பு சுமார் 63.6 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் பிஸ்டன் மேல் விழும் விசை சுமார் 11,450 கிலோ. அப்படியானால் 11 டன் தூக்க வேண்டுமே? பிஸ்டன் நகர்வது 10 செ.மீ.தான். அதே நேரத்தில் லோயர் லிங்க் முனை 60 செ.மீ. உயர வேண்டும். தூரம் ஆறு மடங்கு ஆகும்போது விசை ஆறில் ஒன்றாகும். ஆக முனையில் கிடைப்பது சுமார் 1,900 கிலோ. உராய்வு போக இன்னும் குறையும். விளம்பரத் தாளில் வரும் எண்கள் இந்த வழியில்தான் பிறக்கின்றன.

வேகத்துக்குத் தனிக் கணக்கு. பம்பு நிமிடத்துக்கு 20 லிட்டர் கொடுத்தால், 636 மில்லி கொள்ளும் அந்தச் சிலிண்டர் நிரம்ப இரண்டு நொடி ஆகும். அழுத்தம் எடையைத் தூக்குகிறது, எண்ணெயின் அளவு வேகத்தைத் தருகிறது. ‘லிப்ட் மெதுவாக ஏறுகிறது’ என்பதும் ‘லிப்ட் தூக்கவே இல்லை’ என்பதும் வேறு வேறு நோய்கள் என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான்.

அழுத்தம் எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பி விட்டுவிடும். கருவி கனமாகி லிப்ட் உச்சத்தில் ‘ஈ...’ என்று கத்துவது அந்த வால்வு திறந்திருப்பதன் சத்தம். லீவரைச் சற்று இறக்கிவிட வேண்டும். அப்படியே விட்டால் எண்ணெய் சூடேறும்.

ஃபெர்குசனின் அமைப்பில் கட்டுப்பாட்டு வால்வு பம்புக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருந்தது. அதாவது பம்பு உறிஞ்சும் பக்கத்திலேயே எண்ணெயைத் திறந்து மூடினார். தேவை இல்லாதபோது பம்புக்கு எண்ணெயே போகாது, சூடும் ஏறாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஃபோர்டு கம்பெனி கைகுலுக்கல் ஒப்பந்தத்தை முறித்து, இதே அமைப்போடு தனியாக டிராக்டர் விற்றபோது, ஃபெர்குசன் 1948இல் 25 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பணத்தைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று அதில் இருந்தது. உறிஞ்சும் பக்க வால்வை ஃபோர்டு இனிப் பயன்படுத்தக் கூடாது. ஒரு சின்ன வால்வு இருக்கும் இடம் அவ்வளவு மதிப்புடையதாக இருந்தது.

இரண்டு லீவர், இரண்டு கேள்வி

குழப்பம் அதிகமாக இருப்பது இங்கேதான். இரண்டு லீவரும் நகர்த்துவது ஒரே வால்வைத்தான். ஆனால் அந்த வால்வுக்குத் திருப்பிச் செய்தி சொல்லும் ஆள் வேறு.

பொசிஷன் லீவர் கேட்கும் கேள்வி: ‘கருவி எந்த உயரத்தில் இருக்கிறது?’ லிப்ட் கைகள் பொருந்திய தண்டில், தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு கேம் (புடைப்பு) இருக்கிறது. லீவரை ஓர் இடத்தில் வைத்தால் வால்வு திறந்து கைகள் ஏறும். கேட்ட உயரம் வந்ததும் அந்தக் கேமே வால்வை மூடிவிடும். கருவி கொஞ்சம் இறங்கினால் மறுபடி திறந்து சரிசெய்யும். மண் எப்படி இருக்கிறது என்பது இந்த லீவருக்குத் தெரியாது.

டிராஃப்ட் லீவர் கேட்பது: ‘கருவியை இழுக்க எவ்வளவு பலம் போகிறது?’ கரிசலில் ஓடும் கலப்பை சுக்கான் படிந்த மேட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. மண் இறுகியதால் இழுவை கூடுகிறது. கனத்த களிமண்ணில் உழ, மணல் மண்ணைவிட இரண்டு மூன்று மடங்கு பலம் வேண்டும். ஒரே வயலுக்குள்ளும் இப்படி மாறும்.
2. கீழே மண் கலப்பையைப் பின்னால் பிடிக்க, கலப்பையின் மேல்பகுதி முன்னால் சாய்ந்து டாப் லிங்க்கைத் தள்ளுகிறது.
3. டாப் லிங்க் முனையில் உள்ள தடித்த ஸ்பிரிங் அமுங்குகிறது. அமுங்கிய அளவே இழுவையின் அளவு.
4. அந்த அசைவு ஒரு தண்டு வழியாக வால்வைத் திறக்கிறது. எண்ணெய் போகிறது, கலப்பை ஓரிரு செ.மீ. மேலே ஏறுகிறது.
5. வெட்டும் மண் குறைந்ததும் இழுவை குறைகிறது, ஸ்பிரிங் விரிகிறது, வால்வு மூடுகிறது. மண் மறுபடி இளகினால் எதிர்த்திசையில் இதே கதை நடந்து கலப்பை இறங்குகிறது.

உழும்போது கலப்பை தானாக ஏறி இறங்குவது கோளாறு இல்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். அதுதான் ஏடிடிசி என்ற எழுத்துகளுக்குப் பொருள். ஆழத்தையும் இழுவையையும் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. எஞ்சின் திணறாது, சக்கரம் வழுக்காது, டீசல் வீணாகாது.

ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். டிராஃப்ட் கன்ட்ரோல் சமமான இழுவையைத் தருகிறது, சமமான ஆழத்தைத் தருவதில்லை. இறுகிய இடத்தில் மேலோட்டமாகவும் இளகிய இடத்தில் ஆழமாகவும் உழும். அதை எல்லா வேலைக்கும் போட முடியாததற்கு இதுதான் காரணம்.

டாப் லிங்க்கை மாட்டும் பிராக்கெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால் அவையும் இதற்காகத்தான். பிராக்கெட் சுழலும் முனையிலிருந்து தூரமான துளையில் மாட்டினால் சிறிய இழுவைக்கே ஸ்பிரிங் அமுங்கும். கிட்டத்தில் மாட்டினால் உணர்வு மந்தமாகும். கையில் கிடைத்த துளையில் பின்னைச் செருகிவிட்டு, ‘டிராஃப்ட் வேலை செய்யவில்லை’ என்று கம்பெனியைத் திட்டுவது சரியல்ல.

பெரிய வண்டிகளில் நீளமான கனத்த கருவியைப் போட்டால், அதன் எடை டாப் லிங்க்கைப் பின்னால் இழுக்கும். அப்போது மேலே கிடைக்கும் செய்தி குழம்பிப்போகும். அதனால் அவற்றில் லோயர் லிங்க் பின்னிலேயே விசையை அளக்கும் சென்சார் வைத்து, மின்னணுக் கருவி மூலம் வால்வை இயக்குகிறார்கள். தத்துவம் அதேதான்.

எந்தக் கருவிக்கு எந்த லீவர்?

1. இறகுக் கலப்பை, சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை: டிராஃப்ட். பொசிஷன் லீவரை முழுக்க இறக்கிவிட்டு, டிராஃப்ட் லீவரால் ஆழம் பார்த்து நிறுத்த வேண்டும்.

2. ரொட்டவேட்டர்: பொசிஷன் மட்டும். அதன் கத்திகள் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழன்று வண்டியை முன்னால் தள்ளுகின்றன. இழுவையே இல்லாத கருவிக்கு இழுவையை அளக்கும் லீவர் எதற்கு?

3. விதைப்புக் கருவி: விதை விழும் ஆழம் மாறவே கூடாது. கருவிக்குச் சொந்தமாக ஆழச் சக்கரம் இருந்தால் லிப்டை மிதக்க விட்டு அந்தச் சக்கரத்தை நம்ப வேண்டும். இல்லையென்றால் பொசிஷன்.

4. உளிக் கலப்பை: இதில்தான் பலரும் தவறுகிறார்கள். இழுவை அதிகம் என்பதால் டிராஃப்டில் போடத் தோன்றும். ஆனால் அந்தக் கலப்பையை இறக்குவதே 40 செ.மீ. ஆழம் வரை இறுகிய படிவை உடைப்பதற்கு. டிராஃப்ட் லீவரைக் கூர்மையாக வைத்தால், உடைக்க வேண்டிய இடத்தில் கலப்பை மேலே ஏறித் தாண்டிவிடும். உழுத திருப்தி இருக்கும், படிவு அப்படியே இருக்கும். வண்டியின் சக்தி தாங்கும் அளவுக்குக் கொத்துகளைக் குறைத்துக்கொண்டு ஆழத்தைப் பிடித்து ஓட்டுவதே சரி.

நிலத்தைச் சமப்படுத்தும் லேசர் லெவலர், டிப்பர் டிரெய்லர், புரட்டும் இறகுக் கலப்பை ஆகியவை லிப்டின் கைகளுக்குப் பதிலாகக் குழாய் வழியாக எண்ணெய் கேட்பவை. டிப்பருக்கு ஒருவழி போதும், தன் எடையிலேயே இறங்கிவிடும். புரட்டும் கலப்பைக்கு இருவழி வால்வு வேண்டும். இதை வண்டி வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

1,800 கிலோவும் முன்சக்கரமும்

இப்போது விளம்பரத் தாளுக்குத் திரும்பலாம். முதலில் அந்த எண் எங்கே அளந்தது? லோயர் லிங்க் முனையிலா, அதிலிருந்து 610 மி.மீ. பின்னால் எடைச் சட்டத்தை வைத்தா? உண்மையான கருவியின் எடை மையம் முனையில் இருப்பதில்லை, பின்னால் தள்ளித்தான் இருக்கும். அதனால் இரண்டாவது அளவே வயலுக்குக் கிட்டத்தில் இருப்பது. பெரும்பாலும் அது முதலாவதைவிடக் குறைவாக வரும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, தூக்க முடிவதும் தாங்க முடிவதும் ஒன்றல்ல. மாதிரிக்கு ஒரு வண்டியின் எடை 1,900 கிலோ, அதில் 40 சதவீதம், அதாவது 760 கிலோ, முன் அச்சில். இரு அச்சுகளுக்கும் இடைவெளி 1.9 மீட்டர். 500 கிலோ ரொட்டவேட்டரின் எடை மையம் பின் அச்சிலிருந்து 1.4 மீட்டர் பின்னால் தொங்குகிறது. அது முன் அச்சிலிருந்து எடுத்துவிடும் பாரம்: 500 × 1.4 ÷ 1.9 = சுமார் 370 கிலோ. முன்னால் மிச்சம் 390. ஸ்டீயரிங் கேட்க வேண்டுமென்றால் வண்டி எடையில் ஐந்தில் ஒன்றாவது, இங்கே 380 கிலோ, முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். நூலிழையில் தப்புகிறது. ரொட்டவேட்டரில் சேறு அப்பியிருந்தாலோ, யாராவது அதன் மேல் ஏறி நின்றாலோ, வரப்பு ஏறினாலோ தப்பாது. லிப்ட் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டே இருக்கும். முன்னால் எடைக்கட்டைகள் போடுவது இதற்காகத்தான்.

லிப்ட் குதிக்கிறது, ஏன்?

கருவியைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது அது சில நொடிக்கு ஒருமுறை சற்று இறங்கி, வெடுக்கென்று ஏறும். இதைத்தான் ‘லிப்ட் குதிக்குது’ என்கிறோம். மேலே சொன்ன பொசிஷன் கேமை நினைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். எங்கோ எண்ணெய் கசிகிறது. கருவி இறங்குகிறது, கேம் அதைக் கண்டு வால்வைத் திறக்கிறது, கருவி ஏறுகிறது. கட்டுப்பாடு சரியாகத்தான் இருக்கிறது, கசிவுதான் நோய். பிஸ்டன் சீல், வால்வு, ஓ-ரிங் எதுவாகவும் இருக்கலாம். கருவியைத் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்திப் பார்த்தால், எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே கசிவின் அளவைச் சொல்லும்.

பல வண்டிகளில் கியர் பெட்டிக்கும் லிப்டுக்கும் ஒரே எண்ணெய். சேற்று உழவில் தண்ணீர் உள்ளே போனால் எண்ணெய் பால் நிறமாகும். கியரிலிருந்து உதிரும் இரும்புத் துகளும் அதே எண்ணெயில் சுற்றும். உறிஞ்சும் வடிகட்டி அடைத்தால் பம்பு காற்றை இழுத்து முனகும், லிப்ட் மெதுவாகும். பம்பை மாற்றுவதற்கு முன்பு எண்ணெய் அளவையும் வடிகட்டியையும் பாருங்கள். அப்புறம், கருவி இறங்கவே மாட்டேன் என்கிறதா? இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை யாராவது மூடி வைத்திருக்கலாம். ரோட்டில் போகும்போது மூடுவது நல்ல பழக்கம், வயலில் திறக்க மறந்துவிடுவோம்.

உயிர் சம்பந்தப்பட்டவை

தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் எண்ணெயை மட்டும் நம்பி நுழையக் கூடாது. கத்தி மாற்ற வேண்டுமென்றால் கட்டையோ ஸ்டாண்டோ கொடுக்க வேண்டும்.

குழாயில் ஊசிமுனைக் கசிவு இருந்தால் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. 180 கிலோ அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் எறும்பு கடித்தது போலத் தெரியும், உள்ளே சதை அழுகும். காகித அட்டையைக் காட்டிக் கசிவைத் தேட வேண்டும். எண்ணெய் உள்ளே போய்விட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, சேற்றில் மாட்டிய வண்டியையோ வெட்டிய மரத்தையோ இழுக்கும்போது டாப் லிங்க் பிராக்கெட்டில் சங்கிலி போடுகிறார்கள். மூன்று புள்ளியில் முறையாக மாட்டிய கருவி வண்டியின் முன்பக்கத்தை அழுத்தும். தனிச் சங்கிலி, அதுவும் அச்சுக்கு மேலே கட்டியது, முன்பக்கத்தை நேராக மேலே தூக்கும். வண்டி மல்லாக ஒன்றிரண்டு நொடி போதும், ஓட்டுநர் கிளட்சை மிதிப்பதற்குள் முடிந்துவிடும். இழுப்பதற்கென்று அச்சுக்குக் கீழே கொக்கி இருக்கிறது. சங்கிலி அங்கே மட்டும்தான்.